வாசலிலேயே நின்ற சம்பந்தி

போன வெள்ளிக்கிழமை ஒரு பெண் பார்க்கும் படலத்துக்குப் போயிருந்தேன். இடம்... மீனாட்சி அம்மன் கோயில், பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டு.

மதுரைக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பெண் வீட்டுக்கே போய் சொஜ்ஜி, பஜ்ஜியை ஒரு கை பார்த்துவிட்டு, 'பிடிக்கவில்லை' என்று எந்த வாயால் சொல்வது? கோயில் என்றால் சவுகரியம். பிடித்துவிட்டால் அம்மன் சம்மதம். பிடிக்காவிட்டால் — சாமி கும்பிட வந்தோம், கும்பிட்டோம், வருகிறோம்!

மாப்பிள்ளையின் அப்பா துளசிராம் திருநகரில் எங்களுக்கு அடுத்த வீடு. ஜவுளி வியாபாரம். வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். பெண்ணின் அப்பா முத்துவேல் கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். சொந்த ஊர் திருமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். வேறு சாதி. பிள்ளைகள் இருவருக்கும் பெங்களூரில் ஒரே ஆபீஸ். மிச்சத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள். துளசிராமின் மனைவி சரளா 'சரி' என்று சொல்லவே ஒரு வருடம் ஆனது.

காலை பத்து மணி என்று பேச்சு. பத்தரை ஆகியும் பெண் வீட்டாரைக் காணோம். போன் போடலாம் என்றால், செல்போனைத்தான் வெளியிலேயே ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறோமே! பதற்றத்தைக் குறைக்கலாம் என்று நான் கோயில் வரலாற்றை எடுத்துவிட்டேன். கிழக்குக் கோபுரம் பாண்டியர் காலத்தது, மண்டபங்களில் பல நாயக்கர் கைங்கரியம்... ஒருவரும் காதில் வாங்கவில்லை.

சரளா கணவரிடம் தங்கள் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். பிறகு என்னிடம், “வர மாட்டாங்களோ அண்ணே? நான் இம்புட்டு நாள் இழுத்தடிச்சதுல கோவமோ?” என்றார். பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் எழுந்து வெளியே போனேன்.

அம்மன் சன்னதி வாசலுக்கு எதிரே, சித்திரை வீதியில் நின்றுகொண்டிருந்தார் முத்துவேல். பட்டு வேட்டி, பக்கத்தில் மனைவி. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னண்ணே, உள்ள எல்லாரும் காத்திருக்காங்க...”

“பிள்ளைக்காகத்தான் சரின்னேண்ணே. இம்புட்டுத் தூரம் வந்துட்டேன். இதுக்கு மேல கால் வர மாட்டேங்குது.”

அவருடைய தாத்தா பண்ணையாள். முதலாளியின் நெல் வண்டியோடு மதுரைக்கு வரும்போதெல்லாம் கோபுரத்தைத் தெருவிலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பியவர். அவருடைய சாதிக்காரர்களுக்கு அப்போது உள்ளே இடமில்லை. சுதந்திரத்துக்குச் சில வருடங்கள் முன்புதான் இந்தக் கதவு திறந்தது.

“அதுக்கப்புறமாவது போயிருப்பாரே?”

“போகலையே! 'வராதேன்னு வாயால சொன்னாகள்ல, வான்னும் வாயால சொல்லட்டும்'னுட்டாரு. யாரு சொல்லப் போறா? எங்கப்பாவும் போகல. நானும் போகல.”

எனக்கு வெட்கமாக இருந்தது. எந்த ராஜா எதைக் கட்டினான் என்று ஊருக்கெல்லாம் ஒப்பிக்கிறேன். யாரை வெளியே நிறுத்தினார்கள் என்பதும் இந்தக் கோயிலின் வரலாறுதானே?

'இன்னொரு நாள் வேறு இடத்தில் சந்திக்கலாம்' என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் சரளா அதை மறுப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார். ஒரு வருடப் பாடு அத்தனையும் வீண். அந்தப் பெண் என்னையே பார்த்தாள்.

அதற்குள் துளசிராமுக்குப் பொறுக்கவில்லை போலும். மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு, வெறுங்காலோடு வீதிக்கே வந்துவிட்டார். முத்துவேலைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“என்ன சம்பந்தி, இங்கயே நின்னுட்டீங்க? வாங்க, உள்ள வாங்க!”

முத்துவேல் சட்டென்று என்னைப் பார்த்தார். 'நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்களா?' என்பது போல. நான் எங்கே சொன்னேன்? கையில் செல்போன்கூட இல்லையே!

மனிதர் கர்ச்சீப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“வாரேன் சம்பந்தி. ஆனா இன்னைக்கு வேணாம். எங்க ஊர்ல இன்னும் நெறையப் பேரு என்னைய மாதிரியே வீம்புல இருக்காக. அவுகளையும் கூட்டிட்டு வாரேன்.”

துளசிராமுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும், “தாராளமா கூட்டிட்டு வாங்க. எம்புட்டுப் பேரு?” என்றார்.

“ரெண்டு பஸ் வரும்.”

அவ்வளவுதான். பெண் பார்க்கும் படலம் நடுவீதியிலேயே நடந்து முடிந்தது. சரளா, அம்மனுக்கு என்று வாங்கிய பூவில் பாதியைக் கிள்ளி அந்தப் பெண்ணின் தலையில் வைத்துவிட்டார்.

தை மாதம் கல்யாணம். அன்று காலை இரண்டு பஸ் ஜனமும் நேராகக் கோயிலுக்குத்தான் வருகிறதாம். நீங்களும் தரிசனத்துக்கு வந்தால், வரிசை நீளமாக இருக்கும். தயவுசெய்து முணுமுணுக்காதீர்கள்.

அவர்கள் நமக்கு ரொம்ப முன்னாலேயே வந்து நின்றவர்கள்.