தங்கச்சியை முறைப்பெண் ஆக்கிய புரோகிராம்

"ஏம்மா, நெட்வொர்க்ஸ் பாடம் வச்சா பயலுகளுக்கு நாளைக்கு வேலை கிடைக்கும். மிஷினுக்குப் புத்தி சொல்லிக் குடுத்து என்ன செய்யப் போறோம்?" என்றார் எங்கள் ஹெச்.ஓ.டி.

தொண்ணூறுகளின் தொடக்கம். பல்கலைக்கழகம் ஆர்ட்டிஃபிஷியல் இன்டலிஜென்ஸை எலெக்டிவ் பாடமாக அனுமதித்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இருந்த எங்கள் கல்லூரியில் அதை நடத்தியே தீருவது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். என் தொல்லை தாங்காமல் அவர், முதலில் மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்டச் சொன்னார். அது தேறாவிட்டால் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும்.

லேபில் புரோலாக் என்ற கணினி மொழி இருந்தது. அதற்கு உறவையும் விதியையும் சொன்னால் போதும், பதிலை அதுவே தேடிக்கொள்ளும். சுந்தரபாண்டியத்து மாணவன் முருகேசன் தன் வீட்டு ஆட்களின் பெயர்களையும் யார் யாருக்குப் பிள்ளை என்பதையும் அடித்தான். பாடப்புத்தகத்து விதியில் 'கசின்' என்பதை எடுத்துவிட்டு 'முறைப்பெண்' என்று போட்டான். எனக்கு யார் முறைப்பெண் என்று கேட்டான். திரையில் முதலில் வந்தது அவன் சித்தப்பா மகள் பெயர்.

வகுப்பே சிரித்தது. முருகேசனுக்கு அழுகை வராத குறை. ஹெச்.ஓ.டி. எழுந்துவிட்டார்.

"தங்கச்சியைக் கட்டிக்கச் சொல்லுத மிஷினா? போதும்மா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "செத்த உக்காருங்க சார். இப்பத்தான் பாடமே ஆரம்பிக்கு."

அவள் தங்கச்சி என்று உனக்கு எப்படித் தெரியும் என்று முருகேசனைக் கேட்டேன். இதற்கெல்லாமா காரணம் கேட்பார்கள் என்பதுபோல முழித்தான். காரணம் சொல்லாமல் யாரும் சாப்பிடப் போக முடியாது என்றேன். ஆளாளுக்குக் கத்தினார்கள். கடைசியில் அவனே பிடித்துவிட்டான்.

"அண்ணன் தம்பி பிள்ளைகன்னா தங்கச்சி, மேடம். அண்ணன் தங்கச்சி பிள்ளைகன்னாதான் முறை."

"எங்கிட்ட சொல்லாத. அதுகிட்ட சொல்லு."

விதியைத் திருத்தியதும் சித்தப்பா மகள் போய்விட்டாள். அத்தை மகளும் மாமா மகளும் நின்றார்கள். ஹெச்.ஓ.டி. மெல்ல முன்னால் வந்தார். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், அக்கா மகளைக் கட்டியவர். எங்களுக்கு அக்கா மகளும் முறைதானே, அது ஏன் வரவில்லை என்று கேட்டார். யாரும் மிஷினுக்கு அதைச் சொல்லவில்லையே சார் என்றேன்.

"ஏலே, எந்திரி," என்று முருகேசனைக் கிளப்பிவிட்டு நாற்காலியில் அவரே உட்கார்ந்தார்.

அந்த வருஷமே பாடம் தொடங்கியது. இதை நடத்த வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். மிஷின் தப்பாகச் சொன்னால் அவசரமாகத் திரையை அணைக்காதீர்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நாம் சொல்லாமல் விட்டது எது என்று அங்கேயே நின்று கேளுங்கள். அதை வாய்விட்டுச் சொல்ல வராதவரை நமக்கும் அது தெரியாது.