சேலை கட்டினால் வேலியா?

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூதலூர்ப் பக்கம் எங்களுக்குக் குத்தகை நிலம். போன வருஷம் குறுவைக்கு நாற்று விட்டிருந்தேன். பன்றி இறங்குகிறது என்று நாற்றங்காலைச் சுற்றிக் கழி நட்டு, மனைவியின் பழைய சேலைகளைக் கட்டினேன். இங்கே பலரும் அப்படித்தான் கட்டுகிறார்கள். சேலை காற்றில் ஆடினால் ஆள் நிற்பதாக நினைத்துப் பன்றி போய்விடும். அதை வேலி என்றுதான் சொல்வோம்.

ஒரு நாள் மத்தியானம் பக்கத்துத் தெருக்காரரின் ஆடுகள் சேலைக்கு அடியில் நுழைந்து பாதி நாற்றைத் தின்றுவிட்டன. மறுபடி விதைத்து நாற்றாக்க நாளில்லை. வேறு நாற்று கிடைக்காவிட்டால் பாதி நிலம் தரிசுதான்.

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வேலி போட்ட இடத்தில் ஆடு மேய்ந்தால் ஆட்டுக்காரர் நாற்று வாங்கித் தர வேண்டும். வேலி இல்லையென்றால் பயிர் வைத்தவர் பாடு. கோயில் வாசலில் நாட்டாமை விசாரித்தார்.

"சேலையெல்லாம் வேலியாங்க? அப்ப எங்க வீட்டுத் துணிக்கொடியும் வேலிதான்," என்றார் ஆட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏன் மாமா, பன்னிக்குத் தெரியுது, ஒங்க ஆட்டுக்குத் தெரியலையா?" என்றாள் என் மனைவி.

நாட்டாமை என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. தடுக்கக் கட்டினியா, பயங்காட்டக் கட்டினியா?"

யோசித்துப் பார்த்தேன். தடுக்கத்தான் கட்டினேன். ஆனால் சேலை எதைத் தடுக்கும்? பயங்காட்டத்தான் என்றால், பன்றி பயந்து வராமல் நின்றது தடுத்தது ஆகாதா? முள் குத்தும், கம்பி மறிக்கும். சேலை இரண்டும் செய்யாது. இருந்தும் பன்றி வரவில்லையே.

"ரெண்டுக்குந்தாங்க... தெரியலைங்க."

"நல்லா சொன்னீங்க போங்க!" மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"கட்டினவனுக்கே தெரியலை. பாதி வேலின்னு வச்சுக்குவோம். அழிஞ்சதுல பாதி நாத்தைக் குடுத்துடுப்பா," என்று ஆட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு நாட்டாமை எழுந்துவிட்டார். ஆட்டுக்காரரும் கொடுத்தார். கால்வாசி நிலம் தரிசாகக் கிடந்தது. பாதி வேலி என்றால் என்ன என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் யோசிப்பேன்.

இந்த வருஷமும் கம்பி போட வசதியில்லை. சேலையைத் தாழக் கட்டி, அடியில் கருவேல முள்ளைச் செருகினேன். அந்த வழியாக வந்த ஆட்டுக்காரர் நின்று பார்த்தார்.

"இது வேலி!" என்றார்.

முள்ளைச் சொன்னாரா, சேலையையும் சேர்த்துச் சொன்னாரா? கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

எழுதியது: ஆனி இருபத்திரண்டு, சனிக்கிழமை.