பதினேழாவது கட்டு

போன வாரம் ஒரு கல்லூரியிலிருந்து அழைப்பிதழ் வந்தது. ‘இலக்கியத்தில் வீடு திரும்பும் பயணங்கள்: துயரம், இழப்பு, வீரம்.’ முதல் அமர்வில் நான் பேச வேண்டுமாம். படித்து முடித்ததும் அந்தத் தாளை நாலாக மடித்து அடுக்களை மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினேன். மேசை ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்தது. இப்போது ஆடவில்லை.

அழைத்தவர்கள் மேல் தப்பில்லை. இருபது வருஷமாக வகுப்பில் நான் நடத்தியதும் அதைத்தான். போருக்குப் போன தலைவன் மழைக்காலத்துக்குள் தேரில் திரும்புவான். சீக்கிரம் ஓட்டு என்று பாகனிடம் சொல்வான். வழியெல்லாம் முல்லை பூத்திருக்கும், மான்கள் ஜோடியாகத் துள்ளும், வீட்டில் ஒருத்தி வளை கழலக் காத்திருப்பாள். அவனை வாசலில் நிறுத்தி, உனக்கு உயிர் இருக்கிறதா இல்லையா, இருந்தால்தான் உள்ளே விடுவேன் என்று எந்தப் பெரியப்பாவும் கேட்டதில்லை. அதனால் நானும் மதிப்பெண்ணுக்கு ஏற்றபடி நடத்திவிட்டு வந்தேன்.

எங்கள் ஊர் ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூரிலோ ஆஸ்பத்திரியிலோ உயிர் போய்விட்டால் அந்த உடம்பை வீட்டுக்குள் ஏற்றக் கூடாது. தெருவில் பந்தல் போட்டு, பெஞ்சில் கிடத்தி, அப்படியே எடுத்துவிட வேண்டும். ஏற்றினால் வீட்டுக்கு ஆகாதாம். யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் பதில் கிடையாது. ஆகாது என்றால் ஆகாது.

என் அப்பா திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அது ஐப்பசி. வீட்டு வாசலில் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, நிலையின் இரண்டு பக்கமும் கை வைத்து நின்றார். அப்பாவைத் தெருவில்தான் போட்டோம். பந்தல் தார்ப்பாயில் மழை தேங்கித் தேங்கி ஒரு மூலையால் கொட்டியது. அம்மா தன் தலை நனைய, அப்பா முகத்துக்கு மட்டும் குடை பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். அது அவரும் அவளும் கட்டிய வீடு. காங்கிரீட் போட்ட அன்று அம்மா கைப்பிள்ளையான என்னை இறக்கிவிட்டு ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்திருக்கிறாள்.

இதைப் பற்றி நான் பிறகு ஒரு கட்டுரை எழுதினேன். அதில் பெரியப்பாவின் முகத்துக்கு நேரே நான் நாலு கேள்வி கேட்பேன். பத்திரிகையில் வந்தது. மாணவிகள் கண் கலங்கினார்கள். அத்தனையும் பொய். அன்றைக்குக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தூணோடு தூணாக நின்றேன். வாயில் கொழுக்கட்டை.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன். குழாயடியில் விழுந்து கிடந்தாள். பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம். முதல் நாள் கொஞ்சம் பேச்சு இருந்தது. கோணிய வாயால் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“ஏட்டி, என்னையும் தெருவுல போட்டுராதீங்கட்டி.”

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில் டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, இனி ஒன்றுமில்லை, மிஷினில்தான் மூச்சு ஓடுகிறது, வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் கொண்டுபோகலாம் என்றார். நல்ல மனுஷன். இந்தப் பக்கத்து வழக்கம் அவருக்கும் தெரியும். மிஷினைக் கழற்றி, தொண்டைக் குழாயில் ஒரு ரப்பர் பையை மாட்டித் தருவார்கள். அதைக் கையால் அமுக்கிக்கொண்டே வந்தால் நெஞ்சு ஏறி இறங்கும். வீட்டுக் கட்டிலில் கிடத்திய பிறகு கையை எடுத்துவிடலாம். உயிர் வீட்டில் போனதாகக் கணக்கு. இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் இப்படி வீடு திரும்பியிருப்பார்கள்! அதைப் பாட எந்தப் புலவனுக்கும் தோன்றவில்லை.

தம்பி, கூடத்தில் கட்டில் போட்டு வைக்கிறேன் என்று பைக்கில் முன்னால் போய்விட்டான். ஆம்புலன்ஸில் அம்மாவோடு நானும் தம்பி பெண்டாட்டியும்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பீடி சுற்றும் குடும்பம். தம்பி கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று கட்டினான். எங்கள் வீடு சைவம், பழைய பெருமை, இல்லாத வயல். அம்மா அவளை நாலு வருஷம் அடுக்களைக்குள் விடவில்லை. ‘நீ அங்கன இரு’ என்று கூடத்தைக் காட்டுவாள். இந்த விஷயத்தில் என் அம்மா நல்லவள் இல்லை. நான் விடுமுறைக்குப் போகும்போது அதைப் பார்ப்பேன். பார்த்துவிட்டுச் சாப்பிடுவேன்.

டிரைவர் மேலப்பாளையத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். வண்டி எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“வீட்டுக்குள்ள ஏத்தணுமாக்கா?”

ஆமாம் என்றேன்.

“அப்பம் கையை நிறுத்தாதீங்க. மனசுக்குள்ள மூணு எண்ணி ஒருக்க அமுக்குங்க. பையப் பைய அமுக்குங்க.”

பையை நான்தான் வாங்கினேன். மகள் அல்லவா? பாளையங்கோட்டை தாண்டவில்லை, விரல் மரத்துவிட்டது. கண்ணீர் வேறு. பை வழுக்கியது. எண்ணிக்கை தப்பியது. அம்மாவின் நெஞ்சு பாதி ஏறி நின்றது. நான் வாய்விட்டு அழுதேனே தவிர அமுக்கவில்லை.

“தள்ளுங்க மைனி,” என்று அவள் பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

பிறகு அவள் எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு என்று உதடு மட்டும் அசைந்தது. இருபத்தைந்து வந்ததும் “ஒரு கட்டு” என்றாள். பீடியை இருபத்தைந்தாகத்தான் கட்டுவார்கள். பத்து வயதிலிருந்து அவள் கை அப்படி எண்ணிப் பழகியிருக்கிறது. கை நோகாமல் நாளெல்லாம் ஒரே வேலையைச் செய்ய அதுதான் வழியாம். இரண்டு கட்டு. மூன்று கட்டு. கிருஷ்ணாபுரம் தாண்டும்போது ஏழு. இடது கையின் இரண்டு விரல் அம்மாவின் கழுத்தில் இருந்தது. நாடி அங்கே பார்க்கலாம் என்று நர்ஸ் காட்டிக் கொடுத்தது. என்னிடமும்தான் காட்டினாள். எனக்கு மறந்துவிட்டது.

செய்துங்கநல்லூரில் பச்சை உடுத்திய கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு திருச்செந்தூருக்கு நடந்து போனது. சைரனுக்கு ஒதுங்கினார்கள். ஒரு கிழவர் எங்கள் வண்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. அந்த நேரம் வாழைத்தோப்பு மேல்கூடக் கோபம்தான். அது பாட்டுக்குக் குலை தள்ளிக்கொண்டு நின்றது.

கருங்குளம் வந்தது. அவள் “பதினேழு” என்றாள். ‘கட்டு’ என்று சொல்லவில்லை. கழுத்தில் இருந்த விரலை எடுத்தாள், திரும்ப வைத்தாள், இன்னும் கொஞ்சம் கீழே வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். வலது கை மட்டும் அமுக்கிக்கொண்டே இருந்தது.

டிரைவர் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவர் வாய்க்குள் என்னவோ ஓதினார். ஓதி முடித்துவிட்டுச் சொன்னார்.

“இனி அவசரம் இல்லக்கா. ஆனா நான் வேகமாத்தான் போவேன். தெருவுல பாக்கிறவங்க பாப்பாங்கல்லா. நீங்க கையை எடுக்காதீங்கம்மா. கட்டில்ல கிடத்தின பொறவு நான் கண்ணைக் காட்டுதேன். அப்பம் எடுங்க.”

என் அம்மா இறந்தது கருங்குளத்தில். அதை இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். அவள் கையைப் பிடித்து அழக்கூட எனக்கு நேரமில்லை. அழுதால் வாசலில் முகம் காட்டிக்கொடுத்துவிடும். முந்தானையால் துடைத்துத் துடைத்து உட்கார்ந்திருந்தேன். என் எதிரே அந்தப் பெண் பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று, தன்னை அடுக்களைக்குள் விடாத மாமியாருக்கு, செத்த பிறகும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

தெருவில் கூட்டம். பெஞ்சு தயாராகக் கிடந்தது. பந்தல்கால்கூட நட்டிருந்தார்கள், என்ன முன்யோசனை! பெரியப்பா நிலைவாசலில் அதே மாதிரி கை வைத்து நின்றார்.

“உசுரு இருக்கா?” என்றார். என்னைத்தான் கேட்டார். படித்தவள், பொய் சொல்ல மாட்டேன் என்று. நான் திரும்பவும் முந்தானையை முகத்துக்குக் கொண்டுபோனேன்.

“இருக்கு மாமா,” என்றாள் அவள். “நெஞ்சு ஏறுது பாருங்க.”

பெரியப்பா குனிந்து பார்த்தார். அவள் அமுக்கினாள். ஏறியது. இன்னொரு தடவை அமுக்கினாள். ஏறியது. பெரியப்பா நிலையிலிருந்து கையை எடுத்தார். ஸ்ட்ரெச்சரும் அவளும் சேர்ந்து உள்ளே போக வாசல் அகலம் காணவில்லை. அவள் சுவரில் முதுகு உரச, பக்கவாட்டில் நடந்து, ஒரு அமுக்கும் தவறாமல் கூடத்துக்குள் போனாள். அம்மா தன் வீட்டுக்குள் வந்துவிட்டாள்.

கட்டிலில் கிடத்தினோம். பெரியப்பா செம்பில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து அம்மாவின் வாயோரத்தில் ஒரு கரண்டி விட்டார். அது இறங்கவில்லை. கன்னத்தில் வழிந்து தலையணைக்குப் போனது. பெரியப்பா அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். எழுபது வயது மனுஷன், எத்தனை சாவு பார்த்தவர், அவருக்குப் புரியாமல் இருக்குமா? அவள் கண்ணை இறக்கவில்லை. அவள் உதட்டில் இருபத்தைந்து முடியும்போது டிரைவர் கண்ணைக் காட்டினார். அவள் கையை எடுத்தாள்.

“போயிட்டாக மாமா.”

பெரியப்பா வாசலுக்குப் போனார். தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். “எங் கையால தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுத்தாம்லே போனா எந் தம்பி பெஞ்சாதி! குடுத்து வச்சவ!”

எனக்கு உச்சந்தலை எரிந்தது. அந்தச் செம்பைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் அடுத்த நிமிஷம் அம்மா தெருப் பெஞ்சில். அது அவருக்கும் தெரியும். என் வாயை என்னைக் கொண்டே கட்டிவிட்டு அவர் பெயர் வாங்கிக்கொண்டார். பெரியப்பா இன்னும் இருக்கிறார். இதைப் படிப்பார். படிக்கட்டும். இனி அம்மாவைக் கொண்டுவந்து தெருவில் போட முடியாது.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சொந்தமெல்லாம் வந்தது. தண்ணீர் கொடுத்த கதையைப் பெரியப்பா பந்தி பந்தியாகச் சொன்னார். ஒவ்வொரு பந்திக்கும் அம்மா ஒரு மிடறு கூடுதலாகக் குடித்தாள். அப்போது தம்பி பெண்டாட்டி குழம்பு வாளி எடுக்க அடுக்களை வாசலுக்கு வந்தாள். ஒரு அத்தை உள்ளேயிருந்து, “நீ அங்கன இரு பிள்ள, நாங்க பாத்துக்கிடுதோம்,” என்றாள்.

நான் கத்தினேன். அப்பா செத்தபோது கத்த வேண்டியது, அம்மா செத்தபோது கத்த வேண்டியது, எல்லாம் சேர்த்துக் கத்தினேன். இது அவள் வீடு, அவள் அடுக்களை, பிடிக்காதவர்கள் பாதி இலையில் எழுந்து போகலாம் என்றேன். பந்தி அப்படியே நின்றது. குழம்புக் கரண்டியை எடுத்து அவள் கையில் திணித்தேன். ஆக, கடைசியில் நானும் ஒரு வீரச்செயல் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கரண்டி கீழே விழுந்தது. “விடுங்க மைனி,” என்றாள் அவள். “எனக்குக் கை தூக்க முடியல.”

அப்போதுதான் பார்த்தேன். வலது மணிக்கட்டு பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. பதினாறு நாளாக அந்தக் கையோடு, அடுக்களையில் சமைத்தவர்களின் எச்சில் பாத்திரத்தை அவள் கழுவியிருக்கிறாள். யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

புறவாசலுக்குக் கூட்டிப்போய் தைலம் தேய்த்துவிட்டேன். எப்படிப் பிள்ளை உன்னால் முடிந்தது, அம்மா உன்னை என்ன பாடு படுத்தினாள் என்று கேட்டேன்.

“எங்கம்மாவைத் தெருவுலதான் போட்டோம் மைனி,” என்றாள். “ஆஸ்பத்திரியில எல்லாம் போகல. வீட்டுக்குள்ளதான் உசுரு போச்சு. வாடகை வீடுல்லா, வீட்டுக்காரவுக வெளிய தூக்குன்னுட்டாக. அன்னைக்கு வெயிலு. அதான் அத்தையவாது உள்ள கொண்டாந்துருவோம்னு.”

தைலம் பூசிய தன் கையைப் பார்த்தாள்.

“எனக்கு ஆரு மைனி அமுக்குவா?”

“நான் அமுக்குதேன்,” என்றேன். உடனே சொன்னேன். யோசிக்கவில்லை.

அவள் வீங்கிய கையால் என் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இருபது வருஷம் சாக்பீஸ் பிடித்த கை. கட்டுரை எழுதிய கை. விரலை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டு மடியில் திரும்ப வைத்தாள்.

“இது ஒரு கட்டுக்குக் காணாது மைனி,” என்றாள்.