வாயைத் திறந்து மேலே வா

ஸ்கூபா என்றால் என்னவென்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. காற்று அடைத்த சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு தண்ணீருக்கடியில் போவது என்று சொன்னதும், "கேஸ் சிலிண்டரா?" என்று கேட்டார் நைனா. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பாண்டிச்சேரியிலிருந்து வந்த மாஸ்டர், மேல்மலையனூர் ரோட்டில் கைவிடப்பட்டுத் தண்ணீர் நிறைந்து கிடந்த கல்குவாரியில் எங்கள் ஐந்து பேருக்கும் மூன்று நாள் பழக்கினார். ஐந்து பேரில் ஒருவரை அந்தமானில் ஓடும் டைவிங் படகில் வேலைக்குச் சேர்த்துவிடுவார். டிகிரி முடித்து மூன்று வருஷமாகச் செல்போன் கடையில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஓர் இடம் எனக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

திமிருக்குக் காரணம் இருந்தது. எங்கள் கழனிக் கிணற்றில் மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்றால், குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வில் பாசியோ குப்பையோ அடைத்திருக்கும். முங்கிப் போய் அதைப் பிடுங்கிவிட்டு வருவது பத்து வயதிலிருந்து என் வேலை. பக்கத்துக் கொல்லைக்காரர்களும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மூச்சை அடக்கினால் அடக்கினதுதான்; தலை வெளியே வரும்வரை ஒரு குமிழி விடமாட்டேன்.

ஐந்து பேரில் சின்னவள் தொண்டூர்ப் பெண். நீச்சல் பழகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. "அக்கா, என் கைய வுட்டுடாதக்கா" என்று என்னையே பிடித்துக்கொண்டு நடுங்குவாள். இதெல்லாம் எங்கே தேறப்போகிறது என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

முதல் நாளே மாஸ்டர் சொல்லிவிட்டார்: "மூச்ச அடக்கவே கூடாது. கீழ இழுத்த காத்து மேல வரவர ஊதிக்கும். வெளிய வுடலன்னா நுரையீரல் கிழிஞ்சிடும்." ஐந்து பேரும் தலையாட்டினோம்.

மூன்றாம் நாள் பரீட்சை. இருபது அடி ஆழத்தில் சிலிண்டர் தீர்ந்துவிட்டதாக வைத்துக்கொண்டு மேலே வரவேண்டும். வழியெல்லாம் 'ஆ' என்று சொல்லிக் குமிழி விட்டுக்கொண்டே வரவேண்டும். அவ்வளவுதான். தொண்டூர்ப் பெண் அழுதுகொண்டே போனாள், ஆ ஆ என்று கத்திக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

நான் போனேன். மேலே வெளிச்சத்தைப் பார்த்ததும் தொண்டை தானாகப் பூட்டிக்கொண்டது. குமிழி வராததைப் பார்த்து, கூடவே வந்த மாஸ்டர் பிடித்து நிறுத்தினார். இரண்டாம் முறையும் அதே கதைதான். "இன்னாம்மா, சொன்னது காதுல ஏறலியா?" என்று மேலே கூட்டிவந்து கத்தினார். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்றாம் முறை அவர் கையை உதறிவிட்டு ஒரே எம்பாக எம்பினேன், வாயை இறுக்க மூடிக்கொண்டு. அறிவு கெட்ட எருமை நான். பாறை மேல் ஏறித் துப்பினால் எச்சிலில் ரத்தம்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் சின்னக் கிழிசல், ஆறிவிடும் என்றார் டாக்டர். நான் கேட்கப் பயந்ததை மாஸ்டர் கேட்டார். "டைவிங்லாம் இனிமே வாழ்க்கையில கிடையாது" என்றார் டாக்டர், இட்லி சாப்பிடலாம் என்று சொன்ன அதே குரலில். அன்றைக்கெல்லாம் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் தொண்டூர்ப் பெண் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தாள். அந்தமான் இடம் அவளுக்குப் போயிருந்தது. கட்டில் அருகே நின்றுகொண்டு, "அக்கா, இது உனக்கு வரவேண்டியது. நீ வேணாம்னு சொன்னா நான் போவல. மாஸ்டர்கிட்ட சொல்லிடறேன்" என்றாள்.

பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? போகாதே என்று சொல்லத்தான் எனக்கு வாய் துடித்தது. எனக்குக் கிடைக்காதது இவளுக்கும் கிடைக்கக் கூடாது என்று நிஜமாகவே நினைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

"எதனா சொல்லுக்கா" என்றாள். ரொம்ப நேரம் நின்றாள்.

அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மாதம் தவறாமல் அங்கிருந்து போன் பண்ணுகிறாள். அடித்து ஓயும்வரை அவள் பேரையே பார்த்துக்கொண்டிருப்பேன். இதுவரை ஒரு முறைகூட எடுக்கவில்லை.