காலைப் பார்த்து சீட் பிடிப்பவர்

சயானில் கல்யாண் போகும் மின்சார ரயிலில் ஏறியபோது, கூட்டத்தை விட்டுவிட்டால், நாங்கள் ஐந்து பேர்: நான், முழங்கால் வலியோடு என் மனைவி, எதிரெதிர் சீட்டில் ஒரு போலீஸ்காரர், ஒரு மீசைக்காரர், நடுவில் வழுக்கைத் தலையும் டிபன் பையுமாக நின்ற ஒரு மனிதர். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லோருடைய கால்களையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

லேடீஸ் பெட்டியில் அவளைத் தனியாக ஏற்ற எனக்குப் பயம். இங்கோ சீட் கிடைக்காவிட்டால் கல்யாண் வரை அவளால் நிற்க முடியாது. போலீஸ்காரர் முன்னால் நிறுத்தினேன்; மீசைக்காரர் பக்கம் மாற்றினேன்; மறுபடி போலீஸ்காரரிடமே கொண்டுவந்தேன்.

“அண்ணாச்சி, போலீஸ்காரர்தான் எந்திரிப்பாரு. அங்கயே நில்லுங்க,” என்றார் அந்த மனிதர்.

கேட்டதும் எனக்கு மனம் குழம்பியது. அவளை மீசைக்காரர் பக்கம் நகர்த்திவிட்டேன். காட்கோபரில் மீசைக்காரர் எழுந்தார். அவள் உட்கார்ந்தாள்.

“தப்பாச் சொல்லிட்டீயளே,” என்றேன்.

“மீசைக்காரர் அப்பமே செருப்புக்குள்ள காலை விட்டுட்டாரு. நா எதைச் சொன்னாலும் நீங்க மாத்துவீயன்னு தெரிஞ்சுதான் போலீஸ்காரரைச் சொன்னேன்.”

என் மனைவி சிரித்தாள். “இருவது வருசமா நா படுத பாட்ட, ரெண்டே ஸ்டேசன்ல கண்டுபிடிச்சிட்டீயளே அண்ணே.”

அவர் முலுண்டில் இறங்கிப் போனார். என் புத்தி தெரிந்துதான் சொன்னாரா, தவறிப்போனதைச் சமாளித்தாரா? தெரிந்துதான் என்று அடித்துச் சொல்கிறாள் மனைவி. அவள் அப்படிச் சொல்வதால்தான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.