அறுபத்தைந்து வாட் சார்ஜர்

எவ்வளவு கேவலமாக நடந்துகொண்டேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். வாவிக்கரையில் எனக்கொரு இறால் குளம். தண்ணீரில் ஒட்சிசன் குறைந்தால் என் போனுக்கு அறிவிக்க, உள்ளங்கை அளவுச் சின்னக் கொம்பியூட்டர் ஒன்றைக் காத்தான்குடியில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் வாங்கி வைத்திருந்தேன். ஒருநாள் அது அணைந்துபோனது. எனக்குத் தெரியவில்லை. இறால் எல்லாம் செத்து மிதந்தது.

நேரே கடைக்குப் போனேன். சனம் பார்க்கக் கொம்பியூட்டரைச் சார்ஜரோடு மேசையில் எறிந்தேன்.

"பழுதான சாமானை என்ர தலையில கட்டிப்போட்டீங்க. உங்கட ஆக்களே இப்பிடித்தான்!"

கடைக்காரர் சார்ஜரைத் திருப்பி, பொடி எழுத்தை வாசித்தார்.

"இதுக்கெண்டு ஒரு சார்ஜர் எடுக்கச் சொன்னனே தம்பி?"

"என்னத்துக்கு? இது மச்சான் கட்டாரில இருந்து கொண்டுவந்த அறுபத்தைந்து வாட்!"

"அவ்வளவையும் போனுக்குத்தான், வோல்ட்டைக் கூட்டித் தரும். இதுக்கு அஞ்சு வோல்ட்டிலயே மூண்டு அம்பியர் வேணும். உங்கட சார்ஜர் அஞ்சு வோல்ட்டில ரெண்டுதான் தரும். இந்தா, எழுதிக் கிடக்கு."

நானும் குனிந்து அந்த எழுத்தை வாசித்தேன்.

"அப்ப அந்தச் சார்ஜரைத் தாங்க, நானா."

"எங்கட ஆக்கள்ட்ட என்னத்துக்கு வாங்கிறீங்க? வேற கடைக்குப் போங்க."

வேறு கடையில்தான் வாங்கினேன். அதற்குப் பிறகு கொம்பியூட்டர் ஒருநாளும் அணையவில்லை. அந்தக் கடையைத் தாண்டும்போது மட்டும் இன்றைக்கும் மோட்டார்சைக்கிளின் வேகத்தைக் கூட்டிவிடுகிறேன்.