கூப்பன் போதும் என்றேன்

மகளுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காதில் பாதிதான். அவளை எல்.கே.ஜி.யில் சேர்க்கும் வருஷம், பழைய யூதர் தெருவான ஜூ டவுனில் மிளகுக் கிடங்கு வைத்திருப்பவர்களின் அறக்கட்டளை படிப்புக்கு உதவுவதாகக் கேள்விப்பட்டேன். தெருவைப் பெருக்கி முடித்த கையோடு, மாநகராட்சிச் சட்டையிலேயே போய் நின்றேன்.

அங்கிருந்த பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். உதவி இரண்டு வகை. கூப்பன் என்றால் ஃபீஸ் நேராகப் பள்ளிக்குப் போகும், வேறெதற்கும் ஆகாது. படிப்புக் கணக்கு என்றால் பிள்ளை பெயரில் பணம் கிடக்கும். ஃபீஸ், டியூஷன், புத்தகம், காதுக் கருவி என்று படிப்புக்கு வேண்டிய எதற்கும் செலவழிக்கலாம், மிச்சம் அடுத்த வருஷத்துக்கு நிற்கும்.

"ஏதாவது ஒண்ணுதான் சேச்சி. பின்னே மாத்த முடியாது."

கணக்கு என்றதுமே எனக்குக் கார்டு ஞாபகம்தான் வந்தது. நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் யாருடைய ஏடிஎம் கார்டும் அவரவர் வீட்டில் இல்லை. வட்டிக்குக் கொடுப்பவரின் பிஸ்கட் டப்பாவில், பின் நம்பர் எழுதிய சீட்டோடு கிடக்கின்றன. சம்பளம் விழுந்ததும் அவரே எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார். புதுக் கணக்கு என்றால் புதுக் கார்டு வரும், அதுவும் அந்த டப்பாவுக்குத்தானே போகும்?

"கூப்பன் போதும் மோளே. காசு என் கைக்கு வரவே வேண்டாம்," என்றேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு. வழியில் ஒரு சாயா குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டே மாதத்தில் டீச்சர் கூப்பிட்டுவிட்டார். "குட்டிக்குக் காதுல மெஷின் வைக்காம இங்க ஒண்ணும் நடக்காது."

திரும்ப ஓடினேன். கூப்பனில் மெஷின் வராது என்றாள் அந்தப் பெண். அன்றுதான் கார்டு விஷயத்தை வாய்விட்டுச் சொன்னேன்.

"அந்தக் கணக்குக்குக் கார்டே கிடையாதே சேச்சி. பில்லு கொண்டுவந்தா நாங்க நேரா கடைக்குப் பணம் அடைப்போம்."

கார்டு உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என் கார்டு எங்கே இருக்கிறது என்பது வெளியே வரும். அந்த வெட்கத்துக்கு மகளின் காதைக் கொடுத்துவிட்டேன்.

இப்போது நான்காம் வகுப்பு, மெஷின் இன்னும் வாங்க முடியவில்லை. கூப்பன் வருஷம் தவறாமல் பள்ளிக்குப் போகிறது, அவளும் போகிறாள். பேச்சு தேறவேண்டிய வயது தாண்டிவிட்டது என்கிறார் டாக்டர். நேற்று அந்தப் பள்ளித் தெருவில் எனக்கு வேலை. பெருக்கிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டீச்சர் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். அவள் பெயர் வந்தபோது பக்கத்தில் இருந்த பிள்ளை அவள் கையைப் பிடித்து மேலே தூக்கியது.